வலை கிடைத்தது, இணையம் கிடைக்கவில்லை

ஒரு மடிகணினி புதிய வைஃபை ஒன்றில் இணைந்தவுடன், உரிமையாளருக்குச் சொல்லாமலே ஒரு சின்ன வேலை பார்க்கிறது. விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் கணினியானால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் வழங்கி ஒன்றிடம் போய் ஓர் எழுத்துக் கோப்பைக் கேட்கிறது. ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற மூன்று ஆங்கிலச் சொற்களைத் தவிர அந்தக் கோப்பில் வேறொன்றும் கிடையாது. இடைவெளிகளையும் சேர்த்து எண்ணினால் ஆங்கிலத்தில் 22 எழுத்து. அந்த 22 எழுத்தும் பிசகாமல் வந்துவிட்டால் திரையின் வலது மூலையில் விசிறி விரித்தாற்போல வைஃபை குறி நிற்கும். வராவிட்டாலோ, அதற்குப் பதில் வேறேதாவது வந்துவிட்டாலோ, விசிறியின் இடத்தில் ஓர் உருண்டை தோன்றும். ‘இணையம் இல்லை’ என்று கூடவே ஒரு வரியும் வரும். தெரணியகலையிலிருந்தோ இறக்குவானையிலிருந்தோ பஸ் ஏறி, பல்கலைக்கழக விண்ணப்பத்தை ஒன்லைனில் நிரப்புவதற்காக நகரத்துக்கு வந்து, நூலகத்திலோ தேநீர்க் கடையிலோ மடிகணினியைத் திறந்து வைத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பது அந்த உருண்டையைத்தான். பக்கத்து மேசைக்காரர் அதே வைஃபையில் காணொளி பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மனம் உடனே இரண்டு முடிவுக்குப் பாயும். “லெப்டொப் பழசு, பழுதாகிவிட்டது” என்பது ஒன்று. “மலைப் பக்கம்தானே, சிக்னல் எங்கே வரும்” என்பது மற்றது. பொது வைஃபையைப் பொறுத்தவரை இரண்டும் அநேகமாகத் தப்பு. கணினி தன் வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான் அங்கே நின்றுபோயிருக்கிறது. பொது வைஃபை என்பது, வருகிறவரை உள்ளே விடுமுன் ஒரு பொய் சொல்லியாக வேண்டிய விதத்தில் கட்டப்பட்டது. கணினிகளோ கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அந்த மாதிரிப் பொய்யை நம்பாதிருக்கப் பழக்கப்பட்டவை. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் உருண்டை தோன்றுகிறது. ஆகவே பழுது பார்ப்பது என்றால், எந்தப் படியில் நிற்கிறோம் என்று முதலில் கண்டுபிடிப்பது. அதற்குமுன் எதையாவது அழுத்துவதும் அழிப்பதும் கெடுதலையே கூட்டும்.

சிக்னல் கட்சிக்குச் சப்ரகமுவவில் ஆதரவு அதிகம். காரணமும் இல்லாமல் இல்லை. இலங்கையில் மழை மிகுந்த இடங்களில் இரத்தினபுரியும் யட்டியாந்தோட்டைப் பக்கமும் சேரும். மழை இறங்கினால் நெட் படுத்துவிடும் என்பது எல்லோரும் கண்ட விஷயம். ஆனால் மழை எதைப் படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். வைஃபை ஓடுவது 2.4 அல்லது 5 கிகாஹேர்ட்ஸ் அலையில். கடைக்குள் இருபது மீற்றர் தூரத்தில் அந்த அலையை மழை தணிக்கும் அளவு கருவி வைத்து அளந்தாலும் பிடிபடாது. மழைக்கு அசைந்து கொடுப்பது 10 கிகாஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட அலை. மலைக்கு மலை கோபுரங்களை இணைக்கும் வட்டத் தட்டுகள் பல அந்த அலைகளில் பேசுகின்றன. கோபுரத்துக்கும் லயத்துக்கும் நடுவில் நனைந்த இறப்பர் மரங்கள் அடர்ந்து நின்றால் அது இன்னொரு தடை. மழையோடு சேர்ந்து மின்சாரமும் போனால் சொல்லவே வேண்டாம். இவை எல்லாமே ரவுட்டருக்கு அப்பால் நடப்பவை. மடிகணினியில் தெரியும் விசிறியின் கோடுகளோ ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசுகிறது என்பதை மட்டும் சொல்பவை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு அடியில் பெட்டரி வைத்திருந்த கடையில் ரவுட்டர் பச்சை விளக்கோடு நின்றிருக்கும், கோடுகளும் முழுசாகத் தெரியும். கோபுரத்தின் பெட்டரி தீர்ந்திருந்தால் இணையம் மட்டும் இருக்காது. எனவே கோடுகள் நிறைய இருந்தால் சிக்னலைத் திட்டுவதை நிறுத்தலாம். பக்கத்துக் கைத்தொலைபேசி அதே வைஃபையில் ஓடுகிறது என்றால் கோபுரத்தையும் விட்டுவிடலாம். (அது உண்மையில் வைஃபையில் ஓடுகிறதா, சொந்த டேட்டாவில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

அடுத்த படி முகவரி. தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை விளக்க உவமை தேடி அலைய வேண்டியதில்லை. லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். ஒப்பீஸ் அதைப் பிரித்துக் கொடுக்கும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் கடந்த பிறகு கைக்கு வந்தது என்ற முறைப்பாடு மலையகத்தில் மிகப் பழையது. பொது வைஃபையும் அச்சு அசல் அந்த ஒப்பீஸ்தான். வெளியுலகத்துக்குக் கடை முழுவதற்கும் ஒரே முகவரி. உள்ளே, வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் உள் இலக்கத்தைக் குறிப்பிட்ட நேரக் குத்தகைக்குக் கொடுக்கிறது. சாதாரணமாக வீட்டுக்கும் கடைக்கும் வாங்கும் ரவுட்டரின் அமைப்பில் இருக்கும் இலக்கங்கள் 254. தனக்கு ஒன்றை அது எடுத்துக்கொண்டால் மீதி 253. வீட்டுக்கு இது கடல். பஸ் நிலையத்துக்கு எதிரில் உள்ள கடைக்கு இது போதாமல் போகலாம். முன்பொருநாள் இணைந்த கைத்தொலைபேசிகள் தெருவில் நடந்து போகும்போதே தாமாக ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு இலக்கத்தை வாங்கிவிடும். குத்தகை 24 மணி நேரம் என்று வைத்திருந்தால், காலை பஸ்ஸில் போய்விட்டவரின் இலக்கம் மறுநாள் காலை வரை யாருக்கும் கிடைக்காது. இலக்கம் கிடைக்காத மடிகணினி கடைசியில் தனக்குத் தானே ஒன்றை எழுதிக்கொள்ளும். அது எப்போதும் 169.254 என்று தொடங்கும். வைஃபை அமைப்புக்குள் போய் இணைப்பின் பண்புகளைத் திறந்தால் இந்த எண் தெரியும். அப்படித் தொடங்கினால் விஷயம் முடிந்தது: ஒப்பீஸ் உங்களைப் பதியவே இல்லை. இணைப்பைத் துண்டித்து மறுபடி இணையுங்கள்; சரிவராவிட்டால் கடைக்காரரிடம் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொல்லுங்கள். 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் இந்தப் படியைத் தாண்டிவிட்டீர்கள்.

இனி வருவதுதான் பொய். பொது வைஃபை நடத்துபவருக்கு, உள்ளே வருகிறவர் நிபந்தனையை ஏற்க வேண்டும், அல்லது கைத்தொலைபேசி இலக்கத்தையோ பற்றுச்சீட்டில் உள்ள குறியீட்டையோ கொடுக்க வேண்டும். கேட்பதற்கு ஒரு பக்கம் காட்டியாக வேண்டும். ஆனால் வைஃபை விதிமுறையில் ‘இந்தப் பக்கத்தை முதலில் பார்’ என்று சொல்ல ஒரு வழி ஆரம்பத்தில் வைக்கப்படவில்லை. அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் ஒரு செய்தித்தாளின் தளத்தைக் கேட்கிறீர்கள். ரவுட்டர் அந்தக் கேள்வியை வழியிலேயே பிடித்து, செய்தித்தாளின் பெயரில் தானே பதில் எழுதி, நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. ஒப்பீஸ்காரர் உங்கள் கடிதத்தைத் தபாலில் போடாமல் உடைத்துப் பார்த்துவிட்டு, நீங்கள் எழுதியவரின் கையெழுத்திலேயே ‘முதலில் ஒப்பீஸுக்கு வா’ என்று பதில் அனுப்பினால் எப்படியிருக்கும்? அதுதான் இது. இணையப் போக்குவரத்தில் பெரும்பகுதி திறந்த தபாலட்டையாக ஓடிய காலத்தில் யாருக்கும் இது உறுத்தவில்லை. பிறகு தபாலட்டைகள் முத்திரையிட்ட உறைகளாக மாறின. ஒரு தளம் தன்னை இனி முத்திரையோடு மட்டுமே அணுகச் சொல்லும் விதி 2012இல் தரமாக்கப்பட்டது. முத்திரைச் சான்றிதழை எல்லாத் தளங்களுக்கும் இலவசமாக வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015இல் மக்கள் பாவனைக்கு வந்தது. இன்று வங்கித் தளத்தையோ பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தையோ கூகிளையோ கேட்கும் மடிகணினி, பதில் எழுதியவரின் முத்திரையைச் சரிபார்க்காமல் ஓர் எழுத்தையும் வாசிப்பதில்லை. ரவுட்டர் போட்ட பதிலில் அந்த முத்திரை இருக்க முடியாது. கணினி கடிதத்தைக் குப்பையில் போடுகிறது. உங்களுக்குத் தெரிவது ஒரு எச்சரிக்கையோ வெறும் வெள்ளைத் திரையோதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கணினியின் கண்ணுக்கு, நல்லெண்ணத்தோடு நுழைவுப் பக்கம் காட்டும் கடைக்காரரும், கடவுச்சொல்லைத் திருட நடுவில் புகுந்து நிற்பவரும் ஒரே ஆள். இருவரும் செய்வது ஒரே செயல். ஒருவரை அனுமதித்து மற்றவரைத் தடுக்க அதற்கு வழியில்லை. எனவே இருவரையும் தடுக்கிறது. இது குறையல்ல, இதைவிட நல்ல குணம் ஒரு கணினிக்கு இருக்க முடியாது என்பேன். அந்த 22 எழுத்துக் கோப்பு இந்த முட்டுக்கட்டைக்காகவே வைக்கப்பட்ட ஏற்பாடு. அதை முத்திரை இல்லாத தபாலட்டையாகவே கேட்கிறார்கள், யாராவது நடுவில் புகுந்து பதில் எழுதினால் எழுதட்டும் என்று. 22 எழுத்துக்குப் பதிலாக வேறொன்று வந்தால், ‘இங்கே ஒரு நுழைவுப் பக்கம் இருக்கிறது’ என்று புரிந்துகொண்டு உலாவியில் அதைத் திறந்துவிட வேண்டும். அண்ட்ரொயிட் கைத்தொலைபேசி கூகிளிடம் வெற்றுப் பதில் ஒன்றைக் கேட்பதும், அப்பிள் கருவி தன் நிறுவனத்திடம் ‘சக்ஸஸ்’ என்ற ஒரு சொல்லைக் கேட்பதும் இதற்காகத்தான்.

பின் ஏன் கைத்தொலைபேசியில் பக்கம் தானாக வருகிறது, மடிகணினியில் வருவதில்லை? மடிகணினி பல கை மாறி, பல பேர் சொன்னபடி மாற்றியமைக்கப்பட்ட பொருளாக இருப்பதுதான் முக்கிய காரணம். இதில் நம் நாட்டு அரசியலுக்கும் பங்கு உண்டு. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டக் கலவரத்தின்போது ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடி. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் தடையைச் சுற்றிப் போக விபிஎன் செயலிகள் கைக்குக் கை பரவின. தடை நீங்கியது, செயலி நீங்கவில்லை. கணினி எழும்பும்போதே அதுவும் எழும்பி, தன் சுரங்கம் வழியாக அல்லாமல் எதையும் வெளியே விடமாட்டேன் என்று நிற்கும்படி அமைத்திருந்தால், கதை இப்படியாகும்: சுரங்கம் திறக்க இணையம் வேண்டும், இணையம் கிடைக்க நுழைவுப் பக்கம் வேண்டும், நுழைவுப் பக்கத்தைப் பார்க்கச் சுரங்கம் மூடியிருக்க வேண்டும். அதேபோலப் பெயர்களை எண்முகவரியாக மாற்றித் தரும் சேவையை 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ யாராவது கையால் மாற்றி வைத்திருந்தால், கடையின் ரவுட்டரிடம் கேட்க வேண்டியதைக் கணினி வெளியே கேட்கும். ரவுட்டர் வெளியே விடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: விபிஎன்னை அணையுங்கள், பெயர்ச் சேவையைத் தானியங்கிக்குத் திருப்புங்கள், நுழைந்த பிறகு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதே சுழல் இன்னொரு வடிவிலும் வரும். பழைய மடிகணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தைக் காப்பதற்கென்று உள்ளே ஒரு சிறிய பெட்டரி உண்டு; பல மாதிரிகளில் அது சட்டைப் பொத்தான் அளவு வெள்ளி வில்லை. அது செத்துவிட்டால், பெரிய பெட்டரியும் தீரும் ஒவ்வொரு முறையும் திகதி பல ஆண்டு பின்னால் போய்விடும். முத்திரைச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் ‘இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். 2016ஆம் ஆண்டில் இருப்பதாக நினைக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை. ஒவ்வொரு தளமும் போலியாகத் தெரியும். நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ளக் கணினிக்குத் தெரியும், ஆனால் அதற்கும் நுழைவுப் பக்கத்தைத் தாண்ட வேண்டும். மூலையில் உள்ள திகதியை ஒரு முறை பார்த்துக் கையால் திருத்தினால் போதும். அரை நிமிட வேலை. கடையில் கொடுத்து விண்டோஸை முழுதாக அழித்துப் போட்டுக்கொண்டு வருவதற்குமுன் யாராவது திகதியைப் பார்த்தார்களா என்று கேட்க வேண்டும்.

இவ்வளவும் சரி, அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, இத்தனை விளக்கம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அணைத்துப் போடும்போது கணினி புதிய இலக்கம் கேட்கிறது, பழைய பெயர்க் குறிப்புகளை மறக்கிறது, 22 எழுத்தை மறுபடி கேட்டுப் பார்க்கிறது. ஆகவே முகவரிப் படியில் நின்ற கோளாறு பல முறை உண்மையிலேயே தீரும். திகதியோ விபிஎன்னோ காரணமாக இருந்தால் பத்து முறை அணைத்தாலும் தீராது. பிரச்சினை என்னவென்றால், இந்த மருந்து பலிக்காதபோது அடுத்ததாக மக்கள் எடுப்பது ‘நெட்வேர்க் ரீசெட்’ என்ற பெரிய மருந்து. அது சேமித்து வைத்த எல்லா வைஃபை கடவுச்சொற்களையும் துடைத்துவிடும். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்துப் போகும் மாணவருக்கு இதன் விலை அதிகம். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் லேர்ன் வலையமைப்பு நடத்தும் எடுரோம் இணைப்பில் நுழைவுப் பக்கமே கிடையாது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சான்றிதழும் இணையும் கணத்திலேயே சரிபார்க்கப்படுகின்றன. பொய் சொல்லாமலும் வாசலில் ஆள் பார்க்கலாம் என்பதற்கு அதுவே சாட்சி. ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தானாக இணையும். அதைத் துடைத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. லயத்தில் சிக்னலே இல்லை, கோபுரம் இல்லை, ரீலோட் போடக் காசில்லை. இதில் நுழைவுப் பக்கத்தைப் பற்றிப் பேசுவது பசித்தவனிடம் இலை போடும் விதம் பேசுவது போல இல்லையா? எட்டாத இணையத்தை எட்ட வைப்பதுதான் முதல் வேலை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதற்கு நாடு செய்து பார்த்தவையும் குறைவல்ல. 2005 அளவில் தொடங்கிய நெனசல நிலையங்கள், ஊர்தோறும் கணினியைக் கொண்டுபோக முயன்று 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் விருதைப் பெற்றன. 2015 மார்ச்சில் கொழும்பு கோட்டை ரயில் நிலையம் உட்படப் பொது இடங்களில் அரசின் இலவச வைஃபை வந்தது. அதே ஆண்டு ஜூலையில் கூகிளோடு ஒப்பந்தம் செய்து பலூன்களைப் பறக்கவிட்டு வானத்திலிருந்தே இணையம் இறக்கப் பார்த்தார்கள். 2016 பெப்ரவரியில் அந்தப் பலூன்களில் ஒன்று கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கிக் கிடந்தது. 2021இல் கூகிளின் தாய் நிறுவனம் பலூன் திட்டத்தையே மூடிவிட்டது. கிராமங்களுக்குக் கோபுரம் கொண்டுபோகும் ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு பரீட்சார்த்தமாகத் தொடங்கியது இரத்தினபுரி மாவட்டத்தில்தான். இவை அத்தனையும் இணையத்தை வாசல் வரை கொண்டுவரும் முயற்சிகள். பஸ் கட்டணமும் ஒரு நாள் பேரும் செலவழித்து வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, கடைசி ஒரு முழம் தாண்டத் தெரியாமல் திரும்புவதை எந்தக் கோபுரமும் தடுக்காது. வசதியுள்ளவருக்கு இது ஒரு எரிச்சல். சொந்த டேட்டாவுக்கு மாறிவிடுவார். மாற முடியாதவருக்குத்தான் இந்த ஒரு முழம் முக்கியம்.

உள்ளே போன பிறகும் ஒரு பள்ளம் உண்டு. இலவச வைஃபையில் ஆளுக்கு இவ்வளவு என்று அளவு வைப்பது வழக்கம். 100 மெகாபைட், வினாடிக்கு 512 கிலோபிட் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் 26 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கைத்தொலைபேசி வைஃபையைக் கண்டால் ஓரளவு அடக்கமாக இருக்கும். மடிகணினி, பல மாதம் பட்டினி கிடந்ததுபோல, நூற்றுக்கணக்கான மெகாபைட் மேம்படுத்தல்களைப் பின்னணியில் இழுக்கத் தொடங்கும். விண்ணப்பத்தின் இரண்டாம் பக்கம் திறக்குமுன் அளவு முடிந்து, நுழைவுப் பக்கம் மறுபடி வந்து நிற்கும். இணைந்தவுடன் அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிட்டால் பெரிய மேம்படுத்தல்கள் காத்திருக்கும்.

நுழைவுப் பக்கம் தானாக வராவிட்டால் அதை வரவழைக்கும் வழி எளியது: முத்திரை இல்லாத தபாலட்டை ஒன்றை நீங்களே அனுப்ப வேண்டும். இதற்கென்றே முத்திரையில்லாமல் வைத்திருக்கும் ‘நெவர் எஸ்எஸ்எல் டொட் கொம்’ என்ற தளத்தை உலாவியில் கேட்டுப் பார்க்கலாம். இணைப்பின் பண்புகளில் ‘கேட்வே’ என்ற பெயரில் தெரியும் எண்ணை முகவரிக் கட்டத்தில் அடித்தாலும் பல இடங்களில் பக்கம் வந்துவிடும். ஆனால் வங்கியின் பெயரையோ மின்னஞ்சலையோ அடித்து, சிவப்பு எச்சரிக்கை வந்ததும் ‘பரவாயில்லை, தொடர்’ என்பதை அழுத்திப் பக்கத்தைப் பிடிக்கும் வழியை யார் சொல்லிக் கொடுத்தாலும் கேட்காதீர்கள். அங்கே பதில் எழுதியவர் கடைக்காரரா வேறொருவரா என்பது கணினிக்கே தெரியாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் குறுக்குவழிப் பொய்யை ஒழிக்கும் முறையும் எழுதப்பட்டு விட்டது. இலக்கம் கொடுக்கும்போதே ‘நுழைவுப் பக்கம் இந்த முகவரியில் இருக்கிறது’ என்று ரவுட்டர் நேர்மையாகச் சொல்லிவிடும் விதி 2015இல் வெளியாகி, 2020இல் திருத்தப்பட்டது. பழைய ரவுட்டர் அதைப் பேசாது. நகரத்துக் கடையில் அது மாற இன்னும் காலம் எடுக்கும். அதுவரைக்கும் வைஃபை நடத்தும் நூலகத்தாருக்கும் கடைக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் ஒரு வேண்டுகோள்: கடவுச்சொல் எழுதி ஒட்டியிருக்கும் அந்தத் தாளிலேயே, அதற்குக் கீழே, நுழைவுப் பக்கத்தின் முகவரியையும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள்.